முப்பத்தோரு அட்டைகள்

ஹார்பின் தெருவில் நிழல் வேண்டுமென்றால் காருக்கு அடியில்தான் போய்ப் படுக்க வேண்டும். ஆர்லிஸ் பெட்டிவே இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் படுத்திருந்தான்.

வட பிலடெல்பியாவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் நாற்பத்திரண்டு செங்கல் வீடுகள். நடுவில் ஒற்றை வழிப் பாதை, மேற்கு ஓரத்தில் வரிசையாகக் கார்கள். மரம் என்று சொல்ல ஒரு குச்சி கிடையாது. ஜூலை மாதத்தில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து அந்தத் தாரின் மேல் விரித்து, முதுகைக் கொடுத்து ஆர்லிஸ் உள்ளே நகர்ந்து போவான். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரியும். தெருக்காரர்கள் பாதிப் பேச்சை அந்தப் பூட்ஸோடுதான் பேசினார்கள்.

முன்பு ஒரு ரொட்டிக் கம்பெனியின் லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவன். கம்பெனி ஊரை விட்டுப் போனது, இவன் போகவில்லை. ஜாக்கியையும் ஸ்பானர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். பிரேக், ஸ்டார்ட்டர், பனிக்காலத்து உப்பு தின்று துருப்பிடித்த புகைக்குழாய், எதுவானாலும் கடையில் கேட்கிற கூலியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் வழியில்லாதவர்கள் ஒரு தட்டு மீன் வறுவலோ அரைக் கேக்கோ கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அவனுடைய இருபத்தேழாம் எண் வீட்டு முன்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் ரோட்டில் கிடக்கும். அது ஆர்லிஸின் பட்டறை. தெரு பொதுச் சொத்து, யாரும் எங்கேயும் வண்டியை நிறுத்தலாம் என்பது சட்டம். ஆனால் நாற்காலி போட்ட இடத்தில் வண்டியை நிறுத்துகிறவன் ஹார்பின் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. தெருவில் வண்டி பழுது பார்க்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ரோந்து வருகிற போலீஸ்காரர்களும் அந்த இடம் வரும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அவனுக்கு ஒரு பழக்கம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பின் பாக்கெட்டில் தொங்கும் சிவப்புத் துணியை உருவிக் கையைத் துடைப்பான். காபிக் கோப்பை, கதவுப் பிடி, பெண்டாட்டியின் கன்னம், எதுவானாலும் சரி. என்ன துடைத்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். "இந்தக் கையோட சர்ச்சுக்கு வராத" என்று வெர்லீன் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் வந்துகொண்டிருந்தான்.

வெர்லீன் அந்தத் தெருவின் தலைவி. சம்பளம் கிடையாது, நகராட்சியில் துடைப்பமும் குப்பைப் பைகளும் கொடுப்பார்கள். பதினான்கு வருஷமாகத் தெருக்காரர்கள் அவளையே வைத்திருந்தார்கள், காரணம் அவள் கையெழுத்து வாங்குவதில் கெட்டிக்காரி. கோடையில் ஒரு நாள் தெருவை அடைத்து விருந்து வைக்க நாலில் மூன்று வீடு கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வெர்லீன் நாற்பத்திரண்டு வீட்டிலும் வாங்கிக்கொண்டுதான் போவாள். கையெழுத்தால் வேகத்தடை வந்தது, கையெழுத்தால் முனை விளக்கு வந்தது. இந்த ஊரில் வாய் பேசினால் எடுபடாது, காகிதம் பேசினால் எடுபடும் என்பது அவள் கட்சி.

மரத்தைக் கேட்டதும் அவள்தான். இரண்டு கோடைக்கு முன்னால் முப்பத்துமூன்றாம் எண் வீட்டு டாலிவர் கிழவர் மாடி அறையில் வெக்கையில் இறந்துபோனார். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஆர்லிஸும் பக்கத்து வீட்டு க்ளியோஃபஸும்தான் அவரைப் படியில் இறக்கினார்கள். மறுநாளே வெர்லீன் எங்கள் தெருவுக்கு நிழல் வேண்டும் என்று எழுதி, நாற்பத்தோரு வீட்டுக் கையெழுத்தோடு நகராட்சிக்கு அனுப்பினாள். டாலிவர் வீட்டுக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள்.

பதில் வர இரண்டு வருஷமானது. பதிலாக டெஸ்ஸா வந்தாள்.

டெஸ்ஸா நகராட்சியின் பசுமைத் திட்டத்துக்காக மக்களிடம் கருத்துக் கேட்க வந்த பெண். முப்பது வயது இருக்கும், தொப்பி போட்டும் மூக்கு சிவந்திருந்தது. அவள் வந்தபோது ஆர்லிஸ் ரோண்டாவின் காருக்கு அடியில் இருந்தான். ரோண்டா படியில் உட்கார்ந்து எலுமிச்சை ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தோராம் எண் வீட்டுக்காரி, நகரத்துக்கு வெளியே, உடம்புக்கு முடியாத கிழவிகளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும் வேலை.

"ஐயா, உங்க தெருவுக்குப் பசுமை வரப்போகுது!" என்றாள் டெஸ்ஸா, பூட்ஸைப் பார்த்து.

"எந்தப் பக்கம் வருது?" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

"இந்தப் பக்கம்தான். மழைத் தண்ணி ஓட்டம் இந்தப் பக்கம் சாயுது பாருங்க. இந்த ஓரம் முழுக்கப் பாத்தி, பதினொரு மரம்."

ஆர்லிஸ் மெதுவாக வெளியே வந்தான். துணியை உருவிக் கையைத் துடைத்து, அவள் நீட்டிய படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தான். அழகான படம். மரத்தடியில் ஒரு பெண் புத்தகம் படித்தாள், ஒரு நாய் நின்றது. இருபத்தேழாம் எண் வாசலில் ஊதாப் பூவாகப் பூத்திருந்தது.

"நல்லா இருக்கு. இது யாரு நாயி?"

"சும்மா வரைஞ்சது ஐயா." டெஸ்ஸா சிரித்துவிட்டுத் தன் பலகையில் பேனாவை வைத்தாள். "நீங்க இந்தத் தெருவை எதுக்கெல்லாம் பயன்படுத்துறீங்கன்னு சொன்னா எழுதிக்கிடுவேன்."

ஆர்லிஸ் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான். "நடப்பேன்" என்றான். கொஞ்சம் யோசித்து, "உக்காருவேன்" என்றும் சொன்னான்.

"இப்ப இவ்வளவு நேரம் காருக்கு அடியில என்ன பண்ணீங்க?"

"இந்தப் பொண்ணுக்கு ஒரு ஒத்தாசை."

"எனக்கு மாமா முறை வேணும்" என்றாள் ரோண்டா, ஐஸை நக்கிக்கொண்டே. "சொந்தக்காரங்க நெறைய பேரு அவருக்கு. கார் வெச்சிருக்கவங்க எல்லாரும் சொந்தம்தான்."

டெஸ்ஸா 'நடப்பது, உட்காருவது' என்று எழுதிக்கொண்டாள். நல்ல பெண். அவள் மேல் குற்றம் சொல்ல இந்தக் கதையில் ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம்.

அன்று வெள்ளிக்கிழமை. வெர்லீன் சோளமாவில் புரட்டி மீன் பொரித்தாள். சமையலறை ஜன்னலில் விசிறி வெந்நீர் ஆவியைப் போலக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் ரொட்டித் துண்டில் மீனை வைத்து, காரச் சாற்றை ஊற்றிவிட்டு, சாப்பிடாமல் வைத்திருந்தான்.

"நான் கேட்ட மரம் உன் தலையிலதான் வந்து விழணுமா?" என்றாள் வெர்லீன்.

"மரம் வேணாம்னு நான் சொல்லல. டாலிவரத் தூக்கிட்டு இறங்குனவன் நான். அந்த ஒடம்பு எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

"எதிர்ப்பக்கம் வைக்கட்டுமே."

"எதிர்ப்பக்கம் நடைபாதை ரெண்டு முழம். மரம் வெச்சா எதிர் வீட்டுக்காரி தன் சக்கர நாற்காலிய எங்க உருட்டுவா? அந்தப் பொண்ணு அளந்துதான் வெச்சிருக்கா. நான் பாத்தேன்."

"அப்போ நீ எங்க போவ?"

போன வருஷம் ஆர்லிஸ் இரண்டு மெக்கானிக் கடைகளில் வேலை கேட்டுப் பார்த்திருந்தான். சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். கார் கம்ப்யூட்டரைப் படிக்கத் தெரியுமா என்றார்கள். ஒருவன் அவன் நடையைப் பார்த்து, முட்டி எப்படியிருக்கு என்று கேட்டான். அறுபத்தொரு வயதுக்காரனின் முட்டி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வெர்லீன் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அந்தக் களை வந்திருந்தது. கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பும் முன் வருகிற களை.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கொரு அட்டை குடுத்திருக்கா. 'உங்க தெருவைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியணும்'னு கேட்டிருக்கு. நீ இங்க என்ன பண்றேன்னு தெருவே எழுதட்டும். முப்பது வீடு எழுதுனா அவங்களால தள்ள முடியுமா? உன் வாசல மட்டும் விட்டுட்டுப் பாத்தி போடட்டும்."

"வேணாம் வெர்லீன்."

"ஏன் வேணாம்?"

"யாரும் சொல்லாததாலதான் இது இத்தன வருஷம் ஓடுது. சொல்லிட்டா அப்புறம் அவங்க பாத்துத்தான் ஆகணும்."

"இவங்க என்ன போலீஸா? செடி நடுறவங்க! அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'மிஸ் வெர்லீன், நீங்க எழுதுற ஒரு சொல்லக்கூட விட மாட்டோம், அப்படியே அறிக்கையில வரும்'னு சொன்னா. பதினாலு வருஷத்துல இப்படி யாரு சொன்னாங்க?"

ஆர்லிஸ் மீனைக் கடித்து மென்று விழுங்கினான். இவளிடம் எதிர்த்துப் பேசி அவன் ஜெயித்ததில்லை. தவிர, அவளுடைய காகிதம் இதுவரை தோற்றதும் இல்லை.

"உன் இஷ்டம்" என்றான்.

மறுநாள் காலையிலேயே வெர்லீன் கிளம்பிவிட்டாள். தொப்பி, தண்ணீர் பாட்டில், நாற்பது அட்டை, ஆறு பேனா. ரோண்டா படியிலேயே முழங்கால் மேல் அட்டையை வைத்து எழுதினாள். 'நான் அஞ்சு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. என் கார் ஓடுகிறது என்றால் அது ஆர்லிஸ் மாமா போட்ட பிச்சை.'

"பிச்சைன்னு எழுதாதடி" என்றாள் வெர்லீன்.

"உண்மையத்தானே அக்கா எழுதச் சொன்னீங்க?"

க்ளியோஃபஸுக்கு எழுபத்தெட்டு வயது, காது பாதி. கதவைத் திறந்ததும், "விருந்துக்கா? நான் கோழி கொண்டாரேன்" என்றார்.

"விருந்து இல்ல, மரம்!"

"மரத்துக்கு எதுக்குக் கோழி?"

விஷயம் புரிந்ததும் அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் நிறைய எழுதினார். சர்ச் வேனின் கியர்பெட்டியை ஆர்லிஸ் பனியில் படுத்துக்கொண்டு இறக்கி ஏற்றிய கதை. தேதி, கிழமை, அன்று எத்தனை அங்குலம் பனி என்பது வரைக்கும் இருந்தது. "பேரு போடணுமா?" என்று கேட்டார்.

"பேரு, வீட்டு நம்பர் ரெண்டும் போடுங்க. பேரில்லாம எழுதினா மொட்டைக் கடுதாசின்னு தூக்கிப் போட்டுருவாங்க."

எல்லோரும் பேர் போட்டார்கள். முப்பத்தோரு அட்டைகள். அன்று மாலை வெர்லீன் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். ஆர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். தான் செய்ததில் பாதி அவனுக்கே மறந்துபோயிருந்தது. ஏழாவது அட்டையில் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல உள்ளே போய்விட்டான். வெர்லீனுக்கு அவனைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. சுவரில் படங்கள், மேசையில் பிஸ்கட், கையில் பச்சை ஸ்டிக்கரும் சிவப்பு ஸ்டிக்கரும். பிடித்த படத்தில் பச்சை, பிடிக்காததில் சிவப்பு. க்ளியோஃபஸ் ஒன்றைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெர்லீன் அட்டைக் கட்டை ரப்பர் வளையம் போட்டு டெஸ்ஸாவிடம் கொடுத்தாள். டெஸ்ஸா நின்றபடியே நாலைந்தைப் படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"எந்தத் தெருவுலயும் இவ்வளவு அட்டை வந்ததில்ல மிஸ் வெர்லீன். எல்லாரும் பேரு போட்டு எழுதியிருக்காங்க!"

"ஹார்பின் தெருன்னா அப்படித்தான்" என்றாள் வெர்லீன். அன்று திரும்பி நடக்கும்போது அவள் கால் தரையில் பாவவில்லை.

அக்டோபரில் அதே கீழ்த்தளத்தில் அறிக்கையை ஒட்டிவைத்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. 'குடியிருப்பவர்கள் சுட்டிக்காட்டிய பிரச்சினைகள்' என்று மேலே தலைப்பு. கீழே பட்டை பட்டையாகக் கோடுகள். நிழல் இல்லை, பத்தொன்பது. குப்பை, ஒன்பது. எல்லாவற்றையும் விட நீளமாக, சிவப்பில் ஒரு பட்டை: 'தெருவில் அனுமதியற்ற வாகன வேலை, முப்பத்தொன்று.'

வெர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"டெஸ்ஸா, இது தப்பா இருக்கு. நாங்க பிரச்சினைன்னு எழுதல. வேணும்னு எழுதினோம்."

டெஸ்ஸாவின் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. "அட்டையெல்லாம் வகை பிரிக்கிறது வேற ஆளுங்க. சட்டம் அனுமதிக்காத வேலைன்னா அதுக்கு ஒரே ஒரு பெட்டிதான் வெச்சிருக்காங்க. அது வேணும்னு எழுதியிருக்கா வேணாம்னு எழுதியிருக்கான்னு பாக்குற இடமே அதுல இல்ல. நான் சொல்லிப் பாத்தேன் மிஸ் வெர்லீன். சத்தியமா சொல்லிப் பாத்தேன்."

"அப்போ அந்த அட்டையத் திருப்பிக் குடுத்துரு. நாங்க எழுதல."

"குடுக்க முடியாது. மக்கள் சொன்னத நாங்க நீக்கக் கூடாதுன்னு விதி." அவள் குரல் இறங்கியது. "உங்கள மாதிரி ஆளுங்க பேச்ச யாரும் மறைச்சிரக் கூடாதுன்னு வெச்ச விதி அது."

அறிக்கையின் பின்பகுதியில் முப்பத்தோரு அட்டையும் ஒரு எழுத்து விடாமல் அச்சாகியிருந்தது. பேர், வீட்டு நம்பர், பனி எத்தனை அங்குலம் என்பது உட்பட. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு நகராட்சிப் பரிசோதகர் வந்தார். கனத்த உடம்பு, மரியாதையான மனுஷன். ஆர்லிஸ் ஒரு வேனின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தான். பரிசோதகர் அறிக்கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை முடியும்வரை நடைபாதையில் காத்திருந்தார். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கியபின்தான் வாயைத் திறந்தார்.

"பெட்டிவே ஐயா, இந்த உத்தியோகத்துல பத்தொம்பது வருஷம் இருக்கேன். ஒரு தெருவுல போய் விசாரிச்சா எவனும் வாயத் திறக்க மாட்டான். உங்களுக்கு எதிரா இருக்கிற சாட்சி மாதிரி நான் பாத்ததே இல்ல. எல்லாம் உங்கள வாழ்த்தி எழுதினது."

"ஆமா. நல்ல ஜனங்க."

"இதுல எதையாவது மறுக்கிறீங்களா? மறுத்தா ஒரு விசாரணை வைப்பாங்க. கொஞ்ச நாள் இழுக்கலாம்." அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "பொய்யின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

வெர்லீன் படியில் நின்றுகொண்டிருந்தாள். 'சொல்லு ஆர்லிஸ், பொய்யின்னு சொல்லு' என்று அவள் உதடு அசைந்தது. பக்கத்து வாசலில் க்ளியோஃபஸ் கையைக் காதில் குவித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரோண்டா, அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள், எல்லோரும் ஆளுக்கொரு படியில் நின்றார்கள்.

ஆர்லிஸ் தெருவை மேலும் கீழும் பார்த்தான். "அவங்க எழுதினது எல்லாம் நெசம்தான் சார். நான் எப்படிப் பொய்யின்னு சொல்றது?" என்றான்.

துணியை உருவிக் கையைத் துடைத்தான். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டான். காகித ஓரத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் பதிந்துவிட்டது. "மன்னிக்கணும்" என்றான்.

மறுபடி ஒரு தடவை ஸ்பானரைத் தொட்டால் கருவிகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நோட்டீஸில் இருந்தது. அன்று மாலையே பச்சை நாற்காலியை எடுத்து நிலவறையில் வைத்தான். ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தில் யாரோ அயல்தெருக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுப் போனான்.

பனிக்காலம் வந்து போனது. ரோண்டாவின் காருக்கு ஜனவரியில் ஸ்டார்ட்டர் போனது. கடையில் ஒன்பது நாள் கிடந்தது, அதற்குள் அவளுடைய கிழவிகளுக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அவள் ஆர்லிஸிடம் வந்து சொல்லவில்லை. வெர்லீனைக் கடையில் பார்த்தபோது, "நான் அந்த அட்டைய எழுதியிருக்கக் கூடாது அக்கா" என்று மட்டும் சொன்னாள். எழுத வைத்தவளிடம் சொல்கிறோமே என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. வெர்லீன் முட்டைக்கோஸைப் பொறுக்குகிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

ஆர்லிஸ் வெர்லீனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அதோடு போயிருக்கும். அவன் பாத்திரம் கழுவினான், துணி மடித்தான், ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற கார்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். "பின் சக்கரத்துல பேரிங் போகுது" என்பான். கார் முனை திரும்பிப் போய்விடும்.

மார்ச் கடைசியில் தாரை உடைத்தார்கள். ஏப்ரலில் பதினொரு மரம் வந்தது. இருபத்தேழாம் எண் வாசலில் விரல் தடிமனில் ஒரு கன்று, இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி வார் போட்டுக் கட்டியிருந்தது. அதன் நிழலில் ஒரு பூனை உட்கார இன்னும் பத்து வருஷம் ஆகும்.

டெஸ்ஸா படியில் வந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"முதல் ரெண்டு வருஷம் தெருக்காரங்கதான் தண்ணி ஊத்தணும் மிஸ் வெர்லீன். நாலுல மூணு வீடு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா கன்றப் பிடுங்கி வேற தெருவுக்குக் கொண்டுபோயிருவாங்க." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களவிட்டா வேற யாருகிட்ட கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

வெர்லீன் தாளை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? டாலிவர் செத்த ஜூலை மறுபடியும் வரத்தான் போகிறது.

இந்தத் தடவை கதவுகள் மெதுவாகத் திறந்தன. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஜனங்கள் கையெழுத்துப் போடும் முன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். "இதுல வேற ஒண்ணும் இல்லயே அக்கா?" என்றாள் ரோண்டா. க்ளியோஃபஸ் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, "படிச்சுக் காட்டு. முழுசாப் படி. மெதுவாப் படி" என்றார். வெர்லீன் வாசலில் நின்று தண்ணீர் எத்தனை வாளி, வாரத்துக்கு எத்தனை தடவை என்று சத்தமாகப் படித்தாள். பிறகுதான் சங்கிலி கழன்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முப்பத்துநாலு கையெழுத்து இருந்தது. அவள் தாளைச் சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஆர்லிஸ் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"போதுமான அளவு வந்துருச்சு" என்றாள். "நீ போட வேணாம்."

"எத்தன?"

"முப்பத்துநாலு."

"எப்பவும் நாப்பத்திரண்டு கொண்டுவருவியே."

அவள் சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தாளக் குடு வெர்லீன்."

"வேணாம் ஆர்லிஸ். அது உன் இடம். அதுல நிக்கிற மரத்துக்கு நீ தண்ணி ஊத்துறேன்னு எழுதிக் குடுக்கணுமா? நான் கேக்க மாட்டேன். என்னால கேக்க முடியாது."

"நீ கேக்கல. நான்தான் கேக்குறேன். தலைவி வீட்டுலயே கையெழுத்து இல்லேன்னா நாளைக்கு உன்ன எவன் வாசல்ல நிக்க விடுவான்?"

அவள் தாளைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். ஆர்லிஸ் பின் பாக்கெட்டிலிருந்து சிவப்புத் துணியை உருவினான். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் நிதானமாகத் துடைத்தான். ஆறு மாதமாக அந்தக் கையில் துடைக்க ஒன்றும் இல்லை.

பிறகு பேனாவை எடுத்து இருபத்தேழாம் எண் கட்டத்தில் பேரை எழுதித் தாளை அவளிடம் நீட்டினான். வெர்லீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காகித ஓரத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு கறையும் இல்லாமல் சுத்தமாக இருந்தது.